ஆர்எக்ஸ் 135 சர்க்யூட் ரேஸ் இன்ஜினுக்குக் கிராங்க்: புதுசா, பழைய தட்டா?

கிராங்க் மாற்றிக் கட்டின இன்ஜினை மறுபடி பிரித்துப் பார்த்தாயிற்று. பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றுவதுதான் கிராங்க்: இரண்டு வட்டத் தட்டு, அவற்றை இணைக்கும் ஒரு பின், அந்தப் பின்னில் இருந்து பிஸ்டனுக்குப் போகும் ராட். கிராங்க் பின்னின் முகத்தையும் தட்டையும் சேர்த்துக் கீறி வைத்த கோடு விலகவே இல்லை. கட்டும்போது 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) இருந்த அவுட், அதாவது சுற்றும்போது தண்டு மையம் விலகி ஆடும் அளவு, இப்போது 25. ஒரு சீசன் முழுக்க 10,000 ஆர்பிஎம் வரை முறுக்கிய இன்ஜினுக்கு இது எனக்குத் திருப்தி. இனி தைரியமாக எழுதலாம்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 135, 5 கியர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 58 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50 மி.மீ., 132 சிசி. சிலிண்டரில் போர்ட் வேலை, அதாவது கலவையும் புகையும் போய்வரும் வாசல்களைத் திருத்தும் வேலை, முடிந்திருந்தது. எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (ரேஸ் சைலன்சர்) 28 மி.மீ. கார்புரேட்டரும் போட்டாயிற்று. ஓடப்போவது கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், 2.1 கி.மீ. சுற்று. டிராக் (drag) ரேஸ் என்று நம்ம ஊரில் சொல்கிற நேர்கோட்டு ஓட்டத்தில் இன்ஜின் சில நொடிதான் உச்சத்தில் இருக்கும். சர்க்யூட்டில் சுற்றுக்குச் சுற்று அங்கேயே குடியிருக்கும். கிராங்க் தேர்வை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்தது.

கணக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். ராடையும் பின்னையும் பிடித்து இழுக்கும் விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7,500-ல் ஓடினதை 10,000-க்கு ஓட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. விசையோ 78 சதவீதம் கூடுகிறது. போர்ட் வேலைக்கும் சைலன்சருக்கும் காசைக் கொட்டிவிட்டுக் கிராங்கில் மிச்சம் பிடிப்பவர்களின் இன்ஜின், சத்தமாகவே பதில் சொல்லும்.

பழைய கிராங்க் போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை. சிலிண்டரைக் கழற்றி, பின்னை மேலே கொண்டுவந்து நிறுத்தி, ராடை இரண்டு விரலால் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்தால் 'டிக்' என்று கைக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல்-கீழ் ஆட்டம் கைக்குத் தெரிந்துவிட்டால் அந்த பிக் எண்ட் (ராடின் கீழ்த் தலை பேரிங்) முடிந்தது, அவ்வளவுதான்.

ஆர்எக்ஸ் வண்டிகளின் உற்பத்தி நின்று வருடக் கணக்காகிவிட்டது. கம்பெனிக் கிராங்க் புதிதாகப் பெட்டியோடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் முதலில் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அதனால் எனக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. வெளிச்சந்தையில் கிடைக்கும் முழு செட் கிராங்கை வாங்கி அப்படியே போடுவது. பழைய ஒரிஜினல் தட்டுகளை வைத்துக்கொண்டு புது ராட் கிட் (ராட், பின், பேரிங், வாஷர் சேர்ந்தது) ஏற்றுவது. இல்லையென்றால் ஸ்ட்ரோக் கூட்டின கிராங்க்.

மூன்றாவதை உடனே தள்ளிவிட்டேன். பின்னை 2 மி.மீ. வெளியே தள்ளி வைத்தால் ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடி 54 ஆகும். 58 போரில் அது 142 சிசி சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஸ்டன் மேலே 2, கீழே 2 கூடுதலாகப் போகும். சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசர் வைக்க வேண்டும், போர்ட் உயரம் எல்லாம் மாறும். ஏற்கெனவே 50 ஸ்ட்ரோக்குக்குக் கணக்குப் போட்டுச் செய்த போர்ட் வேலையைக் குப்பையில் போட எனக்கு மனசில்லை.

முதலில் முழு செட்டை வாங்கினேன். 4,800 ரூபாய். பளபளவென்று எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு, பார்க்கவே ஆசையாக இருந்தது. கடைக்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன்: அளந்து பார்ப்பேன், பொருத்த மாட்டேன், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருவேன் என்று. 300 ரூபாய் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி ஒத்துக்கொண்டார். இந்தப் பேச்சை வாங்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

தண்டின் இரு முனையையும் தாங்கும் இரண்டு சென்டருக்கு (கூர்முனைகளுக்கு) நடுவில் நிறுத்தி, பேரிங் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்தோம். ஒரு பக்கம் 70 மைக்ரான், இன்னொரு பக்கம் 40. இது ஒன்றும் பெரிய குறையில்லை. பெட்டியில் இருந்து வரும் எந்தக் கிராங்கும் வழியில் ஓர் அடி வாங்கியிருக்கும். தட்டி எடுத்துவிடலாம். நான் பயந்தது வேறு மூன்று விஷயங்களுக்கு.

ஒன்று, இரண்டு தட்டுக்கும் வெளிமுகம் முதல் வெளிமுகம் வரையிலான மொத்த அகலம். பழைய கிராங்கை விட இது 0.15 மி.மீ. கூடுதல். இன்ஜின் கேஸை (கிராங்க் உட்காரும் உறையை) மூடும்போது இந்தக் கூடுதல் பேரிங்கைப் பக்கவாட்டில் நெருக்கும். கையால் சுற்றினால் லேசாகத்தான் தெரியும். சூடேறினால் பேரிங் அலறும்.

இரண்டு, மேக்னட் (இக்னிஷனுக்கான காந்தச் சக்கரம்) உட்காரும் டேப்பர், அதாவது தண்டின் கூம்பிப் போகும் முனை. என்னுடைய மேக்னட்டின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, டேப்பரில் மார்க்கிங் ப்ளூவை மெல்லிசாகத் தடவி, கையால் உட்கார வைத்து ஒரு சின்னத் திருப்பு திருப்பி எடுத்தேன். நீலம் அடிப்பக்கத்தில் ஒரு வளையமாக மட்டும் ஒட்டியிருந்தது, மேலே சுத்தமாக இல்லை. கோணம் பொருந்தவில்லை என்று அர்த்தம். மேக்னட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன அரைவட்டச் சாவி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாவி இடத்தைக் காட்ட மட்டும்தான், பிடிப்பது டேப்பர். டேப்பர் பிடிக்காத மேக்னட் 10,000-ல் சாவியை வெட்டிவிட்டுச் சுற்றும். இக்னிஷன் டைமிங் அதோடு போயிற்று. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு சொட்டு நீலம். கடையிலேயே கூடச் செய்யலாம், மேக்னட்டைக் கையோடு எடுத்துப் போனால் போதும்.

மூன்று, அளக்கவே முடியாத ஒன்று. பின் தட்டில் எவ்வளவு இறுக்கமாக ஏறியிருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். ஆர்எக்ஸ் மாதிரி ஒற்றை சிலிண்டர் 2 ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரே துண்டு இல்லையே. இரண்டு தட்டு, நடுவில் ஒரு பின், வெறும் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது. போல்ட்டோ சாவியோ எதுவும் கிடையாது. அந்த இறுக்கம் சில பத்து மைக்ரான் விவகாரம். அதைத் தெரிந்துகொள்ளாமல் 10,000 சுற்றுக்கு ஒரு கிராங்கை நம்ப எனக்குத் தோன்றவில்லை. 300 ரூபாயை விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தெருவில் ஓட்டும் வண்டிக்கு அதே கிராங்க் போதுமா என்று கேட்டால், டேப்பர் சரியாக உட்காரும் செட்டாகத் தேடி வாங்கினால் போதும். இங்கே பேச்சு சர்க்யூட் ரேஸ் வண்டியைப் பற்றி.

ஆக, பழைய தட்டு. பிரிக்கும் முன் ராட் முகம் எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தோம். இடப்பக்கத் தட்டின் அடியில் அரைவட்டம் வெட்டின கனமான பிளேட் வைத்து, 20 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பின்னை அழுத்தி இறக்கினார் லேத் அண்ணன். கோவை கணபதி பக்கம் சின்னப் பட்டறை, பம்ப் ஷாஃப்ட் வேலைதான் அவருக்குச் சோறு போடுவது. கிராங்க் வேலை பிரியத்துக்குச் செய்கிறார். பின் முதலில் அசையும்போது பிரஸ் 'டங்' என்று ஒரு சத்தம் விடும். அந்தச் சத்தத்தை வைத்தே, "இந்தப் பக்கம் புடி நல்லா இருக்குதுங்க தம்பி" என்றார். மறுபக்கம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பிரஸ்ஸைப் பார்த்தேன்.

ஓட்டைகளை அளக்க டெலஸ்கோபிக் கேஜும் மிட்டுடோயோ 0-25 மைக்ரோமீட்டரும். ஒவ்வோர் ஓட்டையையும் வாயில், நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில், ஒவ்வோர் ஆழத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். டெலஸ்கோபிக் கேஜில் கைப்பழக்கம் முக்கியம். நான் அளந்தால் 10 மைக்ரான் அங்கே இங்கே ஓடும், அண்ணன் அளந்தால் திரும்பத் திரும்ப அதே எண் வரும். நல்ல பக்கத்து ஓட்டை புதுப் பின்னை விட 68 மைக்ரான் சிறிது. வழுக்கின பக்கம் அடியில் 45, வாயில் 30 கூட இல்லை. மணி வாய் மாதிரி விரிந்திருந்தது. உள்ளே நீளவாக்கில் கோடு கோடாகச் சுரண்டல். முன்பு யாரோ அந்தத் தட்டில் சாய்வாகப் பின் ஏற்றியிருக்கிறார்கள்.

இந்த அளவுக் கிராங்குக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை 60 முதல் 80 மைக்ரான். 60-க்குக் கீழே போனால் கிளட்ச்சைப் படாரென்று விடும்போது தட்டு பின்னைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும் அபாயம். 80-க்கு மேலே போனால் ஏறும்போதே உலோகம் உலோகத்தைச் சுரண்டும், பின் ஓட்டைக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடம் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. இறுக்கம் கூடினால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது.

விரிந்த ஓட்டைக்கு இரண்டு மருந்து. பெரிய அளவுப் பின்னைத் தனியாகச் செய்வித்து ஏற்றலாம், அல்லது வேறு தட்டு தேடலாம். ஓட்டை சீராகப் பெரிதாகியிருந்தால் முதல் மருந்து சரி. மணி வாயாக விரிந்ததற்கு அது உதவாது, ஓட்டையையே கிரைண்ட் செய்து நேராக்கிய பிறகுதான் பின். சென்னையில் இருக்கும் நண்பனிடம் சொல்லி வைத்தேன், பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் துழாவி ஒரு ஜோடித் தட்டு அனுப்பினான். 1,500 ரூபாய், ராட் செத்துப்போன கிராங்க். பிரித்து அளந்தால் 71, 66. அதன் டேப்பரில் நீலமும் முக்கால் பங்குக்கு மேல் ஒட்டியது. கொஞ்சம் லேப்பிங் பேஸ்ட் போட்டு மேக்னட்டோடு உட்கார வைத்ததில் முழுக்கப் பொருந்திவிட்டது.

ஒரு ஜோடியில் இருந்து ஒரு தட்டு, இன்னொரு ஜோடியில் இருந்து இன்னொன்று என்று கலக்கவில்லை. கலந்தாலும் ஓடும்தான். ஆனால் பாலன்ஸுக்காகப் போட்ட துளைகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும் தலைவலி நமக்கு எதற்கு?

தட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் அடித்துப் பார்த்தோம். மூன்று டப்பா வரும். துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று. சிவப்பை அடித்து ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை அடித்தால் விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு ஒரு கோடாக வெளியே கசியும். பின் ஓட்டை விளிம்பிலும், தண்டு தட்டோடு சேரும் வளைவிலும்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்றும் கசியவில்லை.

இப்போது ராட் கிட். இதில்தான் சந்தையில் குழப்பம் அதிகம். 950-க்கும் இருக்கிறது, 2,600-க்கும் இருக்கிறது, பெட்டிகள் ஒன்றை ஒன்று பார்த்து அச்சடித்தவை. மூன்று கிட்டை மேசையில் பரப்பினோம். விலை குறைந்தது ஒன்று, நண்பரிடம் இரவல் வாங்கின நடுத்தர விலை ஒன்று, 2,600 ரூபாய் கிட் ஒன்று.

முதலில் செம்பு விவகாரம். ராட் செம்பு நிறத்தில் மின்னினால் ரேஸ் தரம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செம்பு முலாம் அழகுக்கு வந்ததில்லை. பேரிங் ஓடும் உள்வட்டத்தை மட்டும் கடினப்படுத்தும்போது, மற்ற இடத்துக்குக் கார்பன் ஏறிவிடாமல் தடுக்கப் போடும் மறைப்பு அது. ராடின் நடுத்தண்டு கடினமாகாமல் இருந்தால்தான் முறியாமல் தாங்கும். விலை குறைந்த கிட்டின் ராடை தின்னர் நனைத்த துணியால் தேய்த்தேன். செம்பு துணியோடு வந்துவிட்டது. பெயின்ட்! அதை நான் எதற்கு வாங்கினேன் என்றால் இப்படி எழுதத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீளம். இரண்டு ஓட்டைக்கும் சென்டர் தூரம் பழைய ராடோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் ஓட்டைகளில் ஒரு கட்ஜன் பின்னை (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்) செருகி, கீழே விளிம்பு ஒத்துப்போகிறதா என்று விரல் நகத்தாலேயே பார்க்கலாம். நடுத்தர கிட் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நீளம். ஸ்க்விஷ் (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் தலையோடு இருக்கும் இடைவெளி) 1 மி.மீ. சொச்சம் வைத்திருக்கும் இன்ஜினில் அரை மி.மீ. என்பது பாதி இடம். அது அப்போதே வெளியே போயிற்று.

கடினம் பார்க்க மூன்று பின்னையும் தெரிந்த ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குக் கொண்டு போனேன். ராக்வெல் மிஷினில் ஒரு குத்துக்கு 50 ரூபாய். குத்து பின்னின் முகத்தில் விழுகிறது, ஊசி உருளைகள் ஓடும் பரப்பில் இல்லை, அதனால் பின் கெடாது. 2,600 கிட் 61 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு). நடுத்தரம் 60. பெயின்ட் அடித்தது 52. இந்த மாதிரி பின்னுக்கு 58 முதல் 62 வரை இருக்க வேண்டும். 52-ல் உருளை ஓட ஓடப் பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.

பிறகு கூடு. பிக் எண்ட் ஊசி உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு 2,600 கிட்டில் வெள்ளி முலாம் பூசின ஸ்டீல். உருளைகளை ஒவ்வொன்றாக அளந்ததில் 2 மைக்ரானுக்குள் எல்லாம் ஒன்று. ராடின் கீழ்த் தலையில் எண்ணெய் போகும் பிளவு இருபுறமும் இருந்தது, விளிம்புகளை மழுக்கியும் இருந்தார்கள். கூர்மையாக விட்ட பிளவு விளிம்பு வாஷரைச் சீவும். முறுக்கு இருக்கிறதா என்று, இரண்டு ஓட்டையிலும் நீளமான கம்பி செருகி வி-பிளாக்கில் கிடத்தி உயரம் பார்த்தோம், பிரச்சினை இல்லை. வாங்கியது அதைத்தான்.

ஏற்றும் வேலை. பின்னையும் ஓட்டையையும் அசிட்டோனில் துடைத்து, விளிம்பில் மட்டும் ஒரு தடவு எண்ணெய். முதல் தட்டில் பின்னை ஏற்றின பிறகு மட்டத்தில் வைத்து மட்டக்கோணம் பார்த்தோம். இந்த இடத்தில் சாய்வு இருந்தால் பிறகு எவ்வளவு தட்டினாலும் வராது. அப்புறம் வாஷர், கூடு, ராட், வாஷர், இரண்டாவது தட்டு. இரண்டு தட்டின் விளிம்பிலும் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னுக்கு 90 டிகிரியில் இரு பக்கமும் வெளிச்சம் தெரியாமல் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்தினார் அண்ணன். 5 மி.மீ. ஏறினதும் நிறுத்தி ஒரு முறை பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் போய்விட்டால் பெரிய விலகலைத் திருத்த முடியாது. ராட் பக்க இடைவெளி ஃபீலர் கேஜில் 0.40 மி.மீ. வந்தது. 0.2-க்குக் கீழே போகக்கூடாது, 0.7-ஐத் தாண்டக்கூடாது. மொத்த அகலம் பழைய கிராங்கோடு 3 மைக்ரானில் ஒத்தது.

அவுட் எடுப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பட்டறைகளில் பெரும்பாலும் நம் கண்ணுக்குக் காட்டாமல் செய்கிற வேலை இது. கிராங்கை இரண்டு சென்டருக்கு நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் பேரிங் இடத்தில் ஒவ்வொரு டயல். மெதுவாகச் சுற்றி முள் எங்கே ஏறுகிறது என்று சாக்பீஸில் குறிக்க வேண்டும். ஏற்றின உடன் எங்களுக்கு 180 மைக்ரான் காட்டியது. பயந்துவிடாதீர்கள், வழக்கம்தான்.

பின்னுக்கு 90 டிகிரியில் ஒரு பக்கம் முள் ஏறும்போது மறுபக்கம் இறங்கினால், தட்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கின்றன. முள் ஏறும் தட்டின் விளிம்பில், அந்த ஏறின இடத்தில், செம்புச் சுத்தியால் ஓர் அடி. கிராங்கைச் சென்டரில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். சென்டரிலேயே வைத்து அடித்தால் சென்டர் முனை போய்விடும். நல்ல இறுக்கம் உள்ள கிராங்குக்கு அடி பலமாகவே வேண்டும். தட்டினதும் சுலபமாக நகர்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் பின் பக்கமாக முள் ஏறினால், பின்னுக்கு எதிர்ப்புறம் தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றன. அங்கே ஆப்பு வைத்து லேசாக விரிக்க வேண்டும். இரு பக்கமும் பின்னுக்கு எதிர்ப்புறமாக ஏறினால், அங்கே தட்டுகள் விரிந்திருக்கின்றன, வைஸில் பிடித்து நெருக்க வேண்டும். முதலில் திருகலை எடுத்துவிட்டு அப்புறம் இதைப் பார்ப்பது அண்ணனின் வரிசை. "ரெண்டையும் ஒண்ணாப் பாத்தா பைத்தியம் புடிச்சிரும்ங்க தம்பி." 180 ஆனது 90, 60, 30, கடைசியில் 20. 30-க்கு வந்ததும் ஓட்டலாம். இன்னும் கொஞ்சம் என்று கேட்டது நான்தான், அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து தட்டிக் கொடுத்தார்.

பின்னைத் தட்டோடு வெல்டிங் பொட்டு வைத்துவிடுங்கள் என்று ரேஸ் நண்பர்கள் பலர் சொன்னார்கள். நேர்கோட்டு ரேஸ் வண்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வைக்கவில்லை. வெல்டிங் சூட்டில் அவுட் மறுபடி நகரும், அடுத்த ராட் மாற்றும்போது தட்டு வீணாகும். இறுக்கம் அளவில் இருக்கிறது என்று கையில் எண்ணோடு இருக்கும்போது எதற்கு? அதற்குப் பதில் பின்னின் இரண்டு முகத்திலும் தட்டோடு சேர்த்து மெல்லிசாக ஒரு கோடு கீறி வைத்தோம். முறுக்கினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கிராங்க் சுற்றும் மெயின் பேரிங் சி3 கிளியரன்ஸ் (உள்ளே சாதாரணத்தை விடக் கூடுதல் இடம் விட்டது), ஸ்டீல் கூடு. பேரிங் நம்பரை, கேஸில் இருந்து எடுத்த பழைய பேரிங்கிலேயே பார்த்துக்கொண்டேன். சாதாரண கிளியரன்ஸ் பேரிங்கை அலுமினியக் கேஸில் இறுக்கி ஏற்றினால் உள்ளே இடமே இருக்காது. பேரிங்கை மட்டும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். பிரபல பெயர் போட்ட போலிப் பெட்டிகள் நிறையச் சுற்றுகின்றன.

கேஸை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று ஆவியாகிற பதத்தில் பேரிங்கைப் போட்டால் தானாக உட்காரும். கிராங்கை முந்தின நாள் இரவு பாலித்தீன் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். சுத்தியலுக்கு வேலையே இல்லை. கிராங்க் பேரிங்குக்குள் இறங்க மறுத்தால் புல்லர் வைத்து இழுக்க வேண்டும். தண்டின் முனையில் ஓங்கி ஓர் அடி வைத்தால் 20 மைக்ரானுக்குப் பட்ட பாடு முழுக்கப் போய்விடும். கேஸை மூடின பிறகு தண்டின் முனையில் மறுபடி டயல் வைத்துப் பார்த்தோம், நகரவில்லை.

சீல் போட்டதும் காற்றுக் கசிவுச் சோதனை. இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வைத்து அடைத்து, பி.பி. பார்க்கும் கருவியின் பம்ப்பையும் மீட்டரையும் குழாயில் இணைத்து 300 வரை ஏற்றினேன். கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. முள் இறங்கியது. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் மேக்னட் பக்கத்துச் சீலின் உதட்டில் குமிழ். மாற்றினதும் முள் நின்றது. இதை விட்டிருந்தால் அந்தக் கசிவு வழியாகக் காற்று போய் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்திருக்கும், பழி புதுக் கிராங்க் மேல் விழுந்திருக்கும்.

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் லிட்டருக்கு 33 மி.லி. 2டி (2 ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துதான் ஓட்டுகிறேன். ரன்னிங்-இன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வழக்கம் போல.

செலவு: தட்டு 1,500, ராட் கிட் 2,600, பேரிங் ஜோடி 1,350, சீல்கள் 280, பிரஸ்ஸும் அவுட்டும் 1,000, டை பெனட்ரன்ட் 1,100, ராக்வெல் 150, திருப்பிக் கொடுத்ததில் போன 300, பெயின்ட் அடித்த ராட் கிட் 950. மொத்தம் 9,230. முழு செட்டின் விலையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டை பெனட்ரன்ட் டப்பா இன்னும் நாலைந்து கிராங்குக்கு வரும்.

இப்போது பிரித்துப் பார்த்ததில் ராடில் மேல்-கீழ் ஆட்டம் இல்லை. ஒரு பக்க வாஷரில் மட்டும் வெள்ளி முலாம் லேசாகத் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. அடுத்த முறை கிட் வாங்கும்போது வாஷரைத் தனியாக ஒரு ஜோடி சேர்த்து வாங்குவேன். தட்டு ஓட்டைகளை அளக்க டெலஸ்கோபிக் கேஜுக்குப் பதில் போர் கேஜ் ஏற்பாடு செய்துகொள்வேன், அண்ணன் ஊரில் இல்லாத நாளிலும் எண்ணை நம்ப முடியும். பின்னை மறுபடி அழுத்தி எடுத்தால் ஓட்டை இன்னும் சில மைக்ரான் விரியும், 66 இருந்த பக்கம் அநேகமாக 60-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் 20 மைக்ரான் பெரிய பின் ஒன்றை இப்போதே கிரைண்டிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். புதுப்பேட்டை நண்பனிடமும் இன்னொரு ஜோடித் தட்டு கண்ணில் பட்டால் எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. விலை இப்போதே 2,000-த்தைத் தாண்டிவிட்டதாம்.